சிவப்பு மூடி

"செவப்பு மூடி ஸ்டாக் இல்ல பெர்சு. நீல மூடி கீது. அதே வெலதான், அதே கிக்குதான்" என்றான் கல்மண்டபத்துப் பிராந்திக் கடைக்காரன்.

எனக்கு நீல மூடி வேண்டாம்.

"நாக்கு இன்னா கண்டிசனா கீது பாத்தியா" என்றான் வரிசையில் பின்னால் நின்றவன்.

"சம்சாரம் செத்து ஒரு மாசம் முழுசா ஆவல மாமு. துக்கத்த ஆத்திக்கிறாரு" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சலவை வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

இன்று பவுனம்மாளுக்கு முப்பதாம் நாள் படையல்.

செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் வெளியே வந்து கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைப்பது எங்கள் வழக்கம். பிடித்ததில் ஒன்று குறைந்தாலும் வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்பார்கள்.

என் மகள் மலர் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டாள். வஞ்சிரக் குழம்பு, நெத்திலி வறுவல், களி, வெற்றிலை பாக்கு. "எல்லாம் ஆச்சு நைனா" என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல்மண்டபத்துக்குப் பிறகு திருவொற்றியூரில் இரண்டு கடைகளில் கேட்டேன். இல்லை.

எர்ணாவூரில், லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த கடையில் கிடைத்தது. மட்டமான பிராந்திதான். இப்போது அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இல்லை போலிருக்கிறது. சிவப்பு மூடியில் தூசி படிந்திருந்தது. துண்டால் துடைத்தேன்.

முன்பெல்லாம் பாட்டிலை இடுப்பு மடிப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வருவேன். அப்படியும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. விசைப்படகு ஓட்டியவன், கடலில் ஒரு நாளும் நிதானம் தப்பாதவன் என்பதெல்லாம் எடுபடவில்லை. சுப்புராயன் குடிகாரன் என்று, ஊர்ப் பஞ்சாயத்தில் என் அப்பா உட்கார்ந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு வந்ததில்லை. நான் வரவிட்டதில்லை.

இன்று பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தேன்.

பந்தலில் மலரின் மாமியார் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளூரிலிருந்து வந்திருந்த என் மகன் திலீப் ஓடிவந்து வழியை மறித்தான்.

"இன்னிக்குமா நைனா? அம்மாவுக்குப் படையல் போடுற நாள்லகூட ஒனக்கு அது வேணுமா? சம்பந்தி வூட்டு ஆளுங்க பாத்துகினு கீறாங்க."

"பாக்கட்டும்."

உள்ளறையில் இருந்த பழைய டி.வி.யை நானே தூக்கி வந்து அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்தது வீடியோ கேம். திலீப் பள்ளிக்கூடம் போன காலத்தில் பர்மா பஜாரில் வாங்கியது. அவன் ஒரே வருஷத்தில் அதை மறந்துவிட்டான். அதன் பிறகும் நான் அதைத் தூக்கி எறியவிடாமல் வைத்திருந்தது என் கிறுக்கு என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேசட்டின் வாயில் ஊதிச் செருகினேன். திரை ஒருமுறை நடுங்கி, ஆட்டத்தின் பாட்டு வந்தது.

"பெர்சுக்குப் புத்தி பெரண்டுக்கிச்சு" என்று பந்தலில் யாரோ சொன்னார்கள்.

பாட்டிலை இலையில், நெத்திலிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

திலீப் அதை எடுக்கக் கை நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எடுக்காத. ஒங்கம்மாவுது அது."

மலர் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

பவுனம்மாளோடு காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்த ஜானட் அப்போதுதான் உள்ளே வந்தாள். இலையைப் பார்த்தாள். கூடைக்குள் கைவிட்டு ஒரு பன்னீர் சோடாவை எடுத்து, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இல்லாம பவுனு ஒரு மொடக்குகூட எறக்க மாட்டாளே. மறந்துட்டியா அண்ணே?"

மறந்துதான் போயிருந்தேன்.

திலீப் என்னையே பார்த்தான். "அப்ப நீ?"

"நான் மோந்துகூடப் பாத்ததில்லடா."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கற்பூரம் காட்டினோம். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மலரின் மாமியார் வாசற்படியில் நின்று, "நீங்களும் வாங்க சம்பந்தி, கதவச் சாத்தணும்" என்றார். அவர் குரலில் வந்திருந்த மரியாதை எனக்குப் புதிது.

"சாத்துங்க. நான் வரல."

உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீடியோ கேம் இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம்.

அந்தக் காலத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் அவளும் ஆடுவோம். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தும் மீன் வாசனை போகாத கைகள் அவளுடையவை. ஒரு கிளாஸ் பக்கத்தில் இருக்கும். திரையில் எதிரி டாங்கிகள் வரும்போது, பிள்ளைகள் விழித்துவிடாமல், "வாங்கடா கலீஜ் பசங்களா" என்று மெதுவாகத் திட்டுவாள். மஞ்சள் டாங்கி அவளுடையது. பச்சை என்னுடையது. ஒரு நாளும் நான் அவளைவிட அதிகம் சுட்டதில்லை.

மஞ்சள் டாங்கியின் ரிமோட்டை அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதுகு நேராக இருந்தது.

கதவைச் சாத்தினார்கள். ஆட்டத்தைத் தொடங்கினேன்.

மேலிருந்து எதிரி டாங்கிகள் இறங்க ஆரம்பித்தன.

மஞ்சள் டாங்கி இருந்த இடத்திலேயே நின்றது. பச்சையை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.