ஆறு வட்டுகளின் வரிசை

"பெட்டி செத்துப்போனா உள்ள இருக்கிற குரல் எங்கம்மா போகும்?" என்று மகள் ஒருமுறை கேட்டது கணினிப் பொறியாளரான அம்மாவுக்கு நினைவு வருகிறது. தொண்டை மருத்துவமனையின் சர்வர் படுத்துவிட்டது. அதன் நகல்களைக் காத்த பேக்கப் பெட்டியும் கருகிவிட்டது. பிழைத்தவை சர்வரின் ஆறு வட்டுகள் மட்டும். அறுவைக்கு முன் பதிவான ஒருவரின் குரல் அவற்றில் இருக்கிறது. இனி அவரால் பேச முடியாது. அவர் மனைவி சர்வர் அறை வாசலில் நிற்கிறாள். "வரிசை பாக்காம உருவிட்டியே, மகராசா! ஒரே பதிவு ஆறுலயும் துண்டுதுண்டாக் கெடக்கு, மாத்திச் செருகினா ஒண்ணும் தேறாது," என்கிறார் பொறியாளர். "கோவிச்சுக்காதீங்கக்கா, பதட்டத்துல கை முந்திக்கிச்சு," என்கிறான் உடன் வேலை செய்பவன். ஜன்னல் வெயிலில் பொறியாளர் ஒரு வட்டைத் திருப்புகிறார். அடியில் சிறு பிளாஸ்திரித் துண்டு. அதில் பென்சிலால் நான்கு என்று எண். எல்லா வட்டிலும் எண் இருக்கிறது. ஒட்டியவர் யாரென்று இருவருக்கும் தெரியாது. "யாரோ, அந்தக் கையைக் கடவுள் நல்லா வச்சிருக்கட்டும்," என்கிறார் பொறியாளர். காலியான வேறொரு பெட்டியில் வட்டுகள் எண் வரிசையில் ஏறுகின்றன, விசிறி இரைகிறது, பச்சை விளக்குகள் சிமிட்டுகின்றன. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் செருமுகிறது: "என்னத்தப் பேசறது? வெளிய என் பொண்டாட்டி நிக்கிறா, கால் வலிக்கும். ஒரு நாற்காலி குடுங்க." வாசலில் நிற்பவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். உடன் வேலை செய்பவன் நாற்காலியோடு ஓடுகிறான். அறை காலியானதும் பொறியாளர் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, பழையதற்குப் பதிலாகப் புதிதாக வந்திருக்கும் சர்வரின் வட்டுகளுக்கும் பென்சிலால் எண் எழுதி ஒட்டுகிறார். பிறகு மூடியைத் திருகி மூடுகிறார்.