புதியதன் இடுப்பு

அம்பூரிச் சரிவில், இலைகளூடே வெயில் புள்ளிபுள்ளியாக விழும் ரப்பர் மரத்தடியில், டெனில் பார்சலில் வந்த, லாரியிலிருந்து ரோபோவாக மாறும் புதுப் பொம்மையைக் காதருகே வைத்துத் திருகுகிறான். லாரியின் கதவு கையாகிறது, சக்கரம் முழங்காலாகிறது. சிறுவயதில் அவன் விளையாடிய, இதே ரோபோவின் பழைய பதிப்பு, சாயம் போய், பாறைமேல் நிற்கிறது. "டிக்குண்ணு அதே சத்தமாக்கும். பெயின்ட் அதவிட நல்லா உண்டு," என்கிறான். "நிக்குமாண்ணு பாருங்க," என்கிறாள் மனைவி சிஜி, ரப்பர் பால்வாளியை இறக்கியபடி. அவன் அதைப் பழையதன் பக்கத்தில் நிறுத்துகிறான். புதியது இடுப்பு தளர்ந்து, மெல்லக் குனிந்து, பழையதன் காலடியில் குப்புற விழுகிறது. சிஜிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பழசு மட்டும் எப்பிடி நிக்குது?" அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். இடுப்பு மூட்டுக்குள் கறுத்து இறுகிய ரப்பர் பால். "அதும் புதுசில விழுந்ததாக்கும்," என்கிறான் டெனில், மரத்தில் கட்டிய சிரட்டையில் உறைந்த பாலை நகத்தால் உரித்தெடுத்தபடி.