இருநூற்றுப் பதின்மூன்றாவது மருந்து

புற்றுநோயைத் தூண்டிவிடும் கைனேஸ் என்ற நொதியை அடக்க, வேதியியல்காரி நாலு வருஷமாக மூலக்கூறுகளை வரைந்து, செய்து பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டும் கையை விரித்தன. தையல்வேலை பார்த்த அக்காவை அந்த நோய்க்கே பறிகொடுத்து, ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். மேசைமேல் 213-ஆம் மருந்தின் சோதனை முடிவு இருந்தது. நொதி வாலைச் சுருட்டிக்கொண்டு அடங்கியிருந்தது. அந்த எண்ணில் அவள் எதையும் செய்திருக்கவில்லை.

பக்கத்துக் கட்டடத்துச் சோதனையாளரிடம் கேட்டாள். "இதை யார் கொடுத்தாங்க?"

"உங்க அக்கான்னு சொன்னாங்க. நேத்து வந்தாங்க. கழுத்துல இஞ்ச் டேப் தொங்குச்சு."

"மருந்து மிச்சம் இருக்கா?"

"ஒரு சிட்டிகைதான், தீர்ந்துபோச்சு. எப்படிச் செய்யறதுன்னு இன்னிக்கு வந்து உங்களுக்கு வரைஞ்சு காட்டறாங்களாம்."

அவள் வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.