அப்பாவின் மேசை

கட்டுப்பாடுகள் மிகுந்த மென்னோனைட் கிறிஸ்தவ சபைக்கு முன்பு தலைவராயிருந்த கிழவர் லேவனை உளவியலாளர் அகத்தா ஞாயிறு விருந்துக்கு அழைத்திருந்தாள். அவரை மூலையிலிருந்த சின்ன மேசையில் உட்காரவைத்துவிட்டு, பெரிய மேசையில் பிள்ளைகளோடு தான் அமர்ந்தாள்.

"ஏம்மா, தனியாச் சாப்பிட்டே பைத்தியம் பிடிக்குதுன்னுதானே உன்கிட்ட வைத்தியத்துக்கு வந்தேன்? இங்கயும் தனியாவா?"

"அது எங்கப்பா மேசைங்க ஐயா. இரும்புச் சக்கரம்தான் இருக்கணும்ங்கிற சபை விதிய மீறி டிராக்டருக்கு ரப்பர் டயர் மாட்டினதுக்கு, அவரோட யாரும் சேர்ந்து சாப்பிடக்கூடாதுன்னு நீங்கதான் தீர்ப்பு சொன்னீங்க. சாகுறவரைக்கும் அங்கதான் சாப்பிட்டார்."

"நானும் அங்க வந்து உக்காரட்டுமா?" என்று கிழவர் கெஞ்சினார்.

"அப்பாவும் தினமும் இதையேதான் கேட்டார். 'தலைவர் சம்மதிக்கணுமே'ன்னு அம்மா அழுவாங்க. அப்ப நீங்கதானே தலைவர்? அவர் வந்திருக்கலாமா, கூடாதா? சொல்லுங்க."

லேவன் தலையைக் குனிந்து கிண்ணத்தைக் கரண்டியால் கிளறினார். அகத்தா எழுந்துபோய் அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கோழி சூப்பை ஊற்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.