தொட்டவர் பொறுப்பு

பழைய கண்ணாடியை எந்தத் தொழிற்சாலையும் வாங்காமல் போனபின், பாட்டிலைக் கடைசியாகத் தொட்டவரே அதற்குப் பொறுப்பு என்று சட்டம் வந்தது. ஒருவர் பெயரில் பத்து சேர்ந்தால் அவரைக் கண்ணாடி மேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

அன்று காலை செண்பகவல்லி கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பச்சை பாட்டில் இருந்தது.

“மகிழினி, தொடாதடி!”

அதற்குள் அவளுடைய நான்கு வயது மகள் அதைத் தூக்கிவிட்டாள். “அம்மா, அழகா இருக்கும்மா!”

“நன்றி, மகிழினி” என்றது பாட்டில்.

செண்பகவல்லி பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

“நன்றி, செண்பகவல்லி. இது உங்களுக்கு ஒன்பதாவது.”

எதிர்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

மறுநாள் வாசலில் ஏழு பாட்டில்கள் இருந்தன. செண்பகவல்லி மகளின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும், குழந்தைக்குப் பிடிக்கும்படி, யாரோ கலர் ரிப்பன் கட்டியிருந்தார்கள்.