சாய்ந்த கண்ணாடி

பேருந்தின் உள்கண்ணாடி சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. புது ஓட்டுநர் முதல் நாளே அதைச் சரிசெய்யக் கையைத் தூக்கினான். மூன்றாவது இருக்கையில் இருந்த பெண்ணின் கண்கள் அதில் தெரிந்தன. அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கையை இறக்கிக்கொண்டான்.

பத்து நாளும் அப்படித்தான். அவன் எப்போது நிமிர்ந்தாலும் அந்தக் கண்கள் விலகுவதில்லை.

"பாத்துட்டே இருந்தா ஆச்சா? வாயைத் திறந்து பேசுடா," என்றான் அறைத்தோழன். "எத்தனை நாள்தான் என் நல்ல சட்டையையே போட்டுட்டுப் போவே?"

பதினோராம் நாள், கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் அவளருகே போனான்.

"தப்பா நினைக்காதீங்க. தினமும் என்னைப் பாக்கறீங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் முகம் வெளிறியது.

"மன்னிச்சிடுங்க. உங்களுக்கு முன்னாடி இந்த பஸ்ஸை ஓட்டினது என் வீட்டுக்காரர். நாங்க பழகினதே அந்தக் கண்ணாடியிலதான். நான் தெரியணும்னு அவர்தான் அதைச் சாய்ச்சு வச்சார்."

"இப்ப அவர்...?"

"தவறிப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. இங்கேருந்து பாத்தா அதுல கண்ணு மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. அவர்தான் ஓட்டறார்னு நினைச்சுக்குவேன். நாளைலேருந்து வேற பஸ்ல போயிக்கறேன்."

"இதுலயே வாங்க," என்றான். அவள் இறங்கிப் போனாள்.

மறுநாள் அவள் ஏறும் நிறுத்தத்தில் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். மூன்றாவது இருக்கை காலியாக இருந்தது. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடிக்கும்வரை அவன் பஸ்ஸை எடுக்கவில்லை.