கடைவாய்ப் பல்லில் பிசின்

பல்லைக் கடித்தால்தான் மொக்கராசுக்கு மூட்டை முதுகில் ஏறும். கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்த பிறகு, பாதி தூக்கியதுமே உட்கார்ந்துவிடுவான். பல்லைப் பிடுங்கிவிட்டால் பிழைப்பு போச்சே என்று பயந்துகொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"பிடுங்க வேணாம்ணே. பல்லடைக்கிற சிமெண்டுல, கொசுத்தேனீ கூடு கட்டுற பிசினைக் கலந்து அடைச்சுப் பாக்குறோம், சொத்தை பரவாது. சம்மதமா?" என்றார் டாக்டரம்மா.

"எங்க வீட்டுச் சுவத்துல நான் வாராவாரம் சுரண்டி எறியுற சனியனாச்சே அது!" என்றபடி வாயைத் திறந்தான்.

மறுநாள் மண்டியில் அரிசி மூட்டை. பல்லைக் கடித்தான். பல் நின்றது, மூட்டை ஏறியது.

அந்தத் தெம்பில் சாயங்காலமே, தேனீ குடியிருக்கும் சுவர்ப் பொந்தை ஒரேயடியாகப் பூசிவிடக் கரண்டியில் சிமெண்டு அள்ளிக்கொண்டு போனான். எள்ளளவு தேனீ ஒன்று வந்து உதட்டில் உட்கார்ந்தது. கொட்டாத சாதிதான். ஊதித் தள்ள வாயைத் திறந்தான். அது உள்ளே நடந்து கடைவாய்ப் பல்லுக்கே போய்விட்டது. திறந்த வாயோடு அசையாமல் நின்றான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்டாட்டி பவுனுத்தாய் கேட்டாள்: "என்னய்யா, அடைச்சது சரியா இருக்காமா? என்ன சொல்லுது?"

கரண்டியில் சிமெண்டு இறுகிக்கொண்டிருந்தது.